தம்பியைத் தொட்ட மெஷின்

ஊரில் யாருடைய வெல்டிங் மெஷின் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். அன்றைக்கு வந்தது அவள் தம்பியைக் கொன்ற மெஷின்.

பட்டறைக்காரர் அதைத் தானே தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். இழவு வீட்டில் எல்லார் முன்னாலும், "பையன் அஜாக்கிரதையா இருந்துட்டான்" என்று சொன்னவர் அவர். அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. கோளாறு மெஷினில்தான் என்று காட்டாமல் ஓய்வதில்லை என்றிருந்தாள்.

"நீயே பிரிச்சுப் பாரும்மா. வேற ஆள் பார்த்தா நான் சரிக்கட்டிட்டேன்னு சொல்லுவாங்க," என்றார்.

"சொல்லத்தான் செய்வாங்க. ஓரமா உட்காருங்க."

தம்பி மனைவியும் வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினின் மூடியைக் கழற்றியதும் அக்கா உடனே எதையும் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆளையே தூக்கி எறியும். அதை வடிக்க, ஒரு பல்பின் இரண்டு வயர்களையும் அவற்றின் முனைகளில் வைத்தாள். பல்பு எரியவில்லை. மெஷின் ஓடி நாளாகிவிட்டது. இருந்தாலும் மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டாள்.

"மெஷினைத் தொடுறதுக்குள்ள அக்கா ஆயிரம் சாங்கியம் பண்ணும்னு சொல்லிச் சிரிப்பாரு," என்றாள் தம்பி மனைவி.

"சிரிப்பான். நீயும் ஒரு தடவை பண்ணுடான்னா, அதுக்குள்ள ரெண்டு இரும்பு கேட் பத்தவச்சிடுவேன்பான்."

போர்டில் எதுவும் கருகவில்லை. டயோடுகள் நன்றாக இருந்தன. ஃபேன் பக்கம்தான் விஷயம் இருந்தது. உள்ளே வரும் கரண்ட் வயர் தகட்டின் விளிம்பில் உரசி உரசி, தோல் போய், செம்பு தெரிந்தது. ஃபேன் அதிரும்போதெல்லாம் அது மெஷினின் இரும்பு பாடியில் பட்டிருக்கும்.

"பார்த்தீங்களா?" வயரை இழுத்துக் காட்டினாள். "இதைத் தொட்டவன் எப்படிப் பிழைப்பான்? அஜாக்கிரதையாம் அஜாக்கிரதை."

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. மெஷினைப் போட்டா பிரேக்கர் விழுந்துடுதுன்னு சொல்லிட்டே இருந்தான். வேலை நிக்குதேன்னு நானும் சத்தம் போட்டேன். அப்புறம் சரியாயிடுச்சுன்னான்."

அவள் கை நின்றது. வயர் பாடியில் பட்டால் கரண்ட் எர்த் வழியாக ஓடி, பிரேக்கரைத் தட்டி மின்சாரத்தையே நிறுத்திவிடும். ஆளைக் காப்பாற்றுவதே அதுதான். வயர் இன்னும் தேய்ந்தே இருக்கிறது. பிறகு எப்படிச் சரியானது?

பிளக்கைத் திறந்தாள். பச்சை நிற எர்த் வயரை யாரோ வெட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தார்கள். எர்த் இல்லாவிட்டால் பிரேக்கர் விழாது, கரண்ட் பாடியிலேயே நின்று தொடுகிறவன்மேல் பாயும். பிறகு பிரிப்பதற்கு வசதியாக டேப்பின் நுனி சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது. வீட்டில் எதை ஒட்டினாலும் அப்படி மடித்துவிடுகிறவன் ஒருவன்தான்.

பட்டறைக்காரர் கவனிக்கவில்லை. பிளக்கை மூடிவிட்டால் விஷயம் அவளோடு போய்விடும்.

"அதுதானே அண்ணி?" என்றாள் தம்பி மனைவி மெல்ல. "ஒரு வயரை வெட்டிட்டேன், இனிமே விழாதுன்னு சந்தோஷமா வந்து சொன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நானும் அதைத்தான் சொன்னேன். அக்கா திட்டும்னாரு."

அவன் சொன்னது உண்மைதான். திட்டித்தான் இருப்பாள். நாலு பேர் நிற்கும்போதே, நீயெல்லாம் ஒரு வெல்டரா என்று கேட்டிருப்பாள். முன்பும் கேட்டிருக்கிறாள்.

வெட்டிய வயரைப் பட்டறைக்காரரிடம் காட்டினாள். "இதை வெட்டினது அவன்தான். ஆனா வெட்டுற அளவுக்கு அவனைக் கொண்டுபோய் விட்டோமே." 'விட்டீங்களே' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், 'விட்டோமே' என்றுதான் வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வயர்களையும் புதிதாகப் போட்டு, மீட்டர் வைத்துச் சரிபார்த்து, மூடியை முடுக்கினாள்.

அவர் மெஷினைத் தூக்கியபோது, "உங்க பசங்ககிட்ட சொல்லுங்க," என்றாள். "பிரேக்கர் விழுந்தா என்கிட்ட எடுத்துட்டு வரட்டும். திட்டமாட்டேன்னு சொல்லுங்க."