முள் இறங்கிய காலை

கார் ஓட்டும்போது எல்லாரும் சாலையைப் பார்ப்பார்கள். நான் முள்ளைப் பார்ப்பேன். வேகத்தைக் காட்டும் முள் அல்ல. அதற்குப் பக்கத்தில் இஞ்சின் சூட்டைக் காட்டுமே, அந்தச் சின்ன முள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து இரண்டு முறை திரும்பி வருகிற ஆள் நான். எனக்கு அந்த முள் போதும், நிம்மதியைக் கெடுக்க.

எங்களுடையது பழைய கார். ஒருமுறை கல்லிடைக்குறிச்சி ரயில்வே கேட்டில் நிற்கையில் முள் சிவப்புக் கோட்டுக்கு எகிறிவிட்டது. பதறிப்போய் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். இஞ்சினுக்கு ஒன்றுமில்லை, சூட்டை அளந்து சொல்லும் சென்சாரில்தான் கோளாறு என்றார். வயர் மாட்டும் இடம் பச்சை பூத்துக் கிடந்தது. துடைத்துவிட்டுப் புதுச் சென்சார் போட்டு, இஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்ட் ஊற்றி அனுப்பினார்.

"மாசத்துக்கு ஒருக்கா, வண்டி ஆறிக் கெடக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொறந்து அளவு பாரும். கொறஞ்சா இதையே ஊத்தும். வேற எதுவும் வேண்டாம் வே."

அன்றிலிருந்து முள் மேல் எனக்குச் சாமி மேல் இருப்பதைவிட நம்பிக்கை. மூடியை மட்டும் திறந்து பார்த்ததில்லை. இல்லை, ஒருநாள் திறந்தேன். ஆயுத பூசைக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய்க் கழுவுவோம். கழுவி முடித்ததும் ரேடியேட்டருக்கும் ஆற்றுத் தண்ணீர்தான். தாமிரபரணித் தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியூர் விருந்தாளிக்குச் சொம்பில் கொடுத்துவிட்டு, ருசியைச் சொல்கிறாரா என்று வாயையே பார்ப்போம். மனிதனுக்கு மருந்தான தண்ணீர் இரும்பை என்ன செய்துவிடும்? இருந்த கூலண்டை வடித்துவிட்டு, நானும் ஆற்றுத் தண்ணீரை நிரப்பினேன். அதன் பிறகு மாதக்கணக்கில் மூடியைத் தொடவே இல்லை.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாக ராதாபுரம் பக்கம் வேலை. திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினால் வெள்ளிக்கிழமை இரவுதான் வீடு. எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை காலைகளில் அம்மாவின் பையை எங்காவது ஒளித்து வைத்துவிடுவாள். அந்த வருடம் அம்பாசமுத்திரத்தில், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், ஒரே ஓர் இடம் காலியாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் மாறுதல் கலந்தாய்வு. மூப்புப்படி இவள் பெயர்தான் முதலில். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

"நான் ஏழு மணி பஸ்ஸுலயே போயிருதேன்" என்றாள்.

நான் விடவில்லை. இத்தனை வருடம் பஸ்ஸில் இடிபட்டவள் இன்றைக்காவது காரில் போய் இறங்கட்டுமே என்று ஆசை. எட்டு மணிக்குக் கிளம்பினோம். வீரவநல்லூர் தாண்டியதும் முள் பாதியைத் தாண்டிப் பைய ஏறியது. ஏசியை அணைத்தேன், வேகத்தைக் குறைத்தேன்.

"அதையே பாத்துட்டு வாரியளே, ரோட்டப் பாருங்க" என்றாள், மடியில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே.

சேரன்மகாதேவி தாண்டியபோது முள் இறங்க ஆரம்பித்தது. பாதிக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயலைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், ஒரு லாரியை முந்தவும் செய்தேன்.

"என்னமோ கருகுத வாடை வருது. செத்த நிறுத்திப் பாருங்களேன்."

"வெளியில யாரோ குப்பைய எரிக்காவ. முள்ளப் பாரு, எப்படி இறங்கிருக்கு!"

"முள்ளு கெடக்கட்டும். எனக்கு வாடை வருதுல்லா?"

நான் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது, சிரித்தேன். பத்தமடை வருவதற்குள் வண்டி இழுக்க மறுத்தது. உள்ளே ஏதோ கடகடவென்று அடித்து, சாலையோரத்தில் நின்றுவிட்டது. முன்மூடியின் மேல் கை வைக்க முடியவில்லை. முள் அப்போதும் கீழேயே கிடந்தது.

அவள் சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையில் இறங்கிக் கை காட்டினாள். இரண்டு பஸ் நிறைந்து வந்து நிற்காமல் போயின. ஆட்டோவைக் கண்ணில் காணோம். மூன்றாவது பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டு போனபோது மணி ஒன்பதே முக்கால். நான் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார முடியவில்லை.

தகவல் சொன்னதும் அண்ணாச்சி பைக்கில் வந்தார். குனிந்து பார்த்தவர் அடியில் ஒரு குழாயைக் காட்டினார். துருவேறி ஓட்டை விழுந்திருந்தது.

"இதுல என்னத்த வே ஊத்துனீரு?"

சொன்னேன்.

"ஆத்துத் தண்ணி நீரு குடிக்கதுக்கு. இதுக்குள்ள துருத்தான் பிடிக்கும். பூராத் தண்ணியும் வடிஞ்சு போச்சு."

"முள்ளு எறங்கிச்சே அண்ணாச்சி?"

"எறங்கத்தான் செய்யும். சென்சாரு தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தாத்தான் சூட்டைச் சொல்லும். தண்ணி இல்லாம வெறுங்காத்துல நின்னா என்னத்தச் சொல்லும்? ஆறிப்போச்சுன்னு சொல்லும். அது சூடுன்னு சொன்னாத்தான ரேடியேட்டரக் குளுத்துத காத்தாடியும் சுத்தும்? ஏறுனப்பவே நிறுத்தியிருந்தா ஒரு குழாயோட போயிருக்கும்."

நான் நிம்மதியாக ஓட்டிய அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இஞ்சின் வெந்திருக்கிறது. பதினோரு மணிக்கு அவள் போன் செய்தாள்.

"எம் பேரக் கூப்புட்டு அரை மணி நேரம் ஆயிட்டாம். அம்பாசமுத்திரத்த அடுத்த டீச்சர் எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கதெல்லாம் இன்னும் தூரம். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்." பிறகு, "நீங்க சாப்டியளா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அம்மா, இனிமே நீ இங்கனதான?"

"இல்லட்டி. போற வழியில வண்டி கெட்டுப்போச்சு" என்றாள் இவள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "வண்டி மேல தப்பு இல்ல. அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன். அம்மா நிறுத்தச் சொன்னா, நான் கேக்கல" என்றேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ அங்கன நீங்க போய் இருங்கப்பா. அம்மா இங்க இருக்கட்டும்."

மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது என்று மகளிடம் சொல்லவில்லை.