எழுதுவதற்கு முன் எழுதியவள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளைப் பேனாக்காரி என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தாளில் மட்டும் இருந்தது. யாருக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றாலும், யார் ஓய்வு பெற்றாலும், துவைத்த போர்வைகள் மலையாகக் குவிந்து கிடக்க, அவற்றின் நடுவே நின்றபடியே எழுதிக் கொடுப்பாள். பேனாவை எடுத்தால் தாள் தீரும்வரை கை நிற்காது. ஒருமுறை இஸ்திரி போடுகிறவர் ஓய்வு பெற்றபோது அவள் எழுதிய வாழ்த்து மடலைக் கேட்டு, அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஸ்டோர்காரர்கூட மூக்கைச் சிந்தினார். அந்த மடலை இஸ்திரிக்காரர் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளில் அவள் நடையே மாறிப்போனது.

அவளுடைய ஓரகத்தியும் அங்கேதான் வேலை. கிழிந்த உறைகளையும் அங்கிகளையும் தைக்கிற மேஜை அவளுடையது. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியவளான பேனாக்காரி கீழே, ஓரகத்தியான சின்னவள் மாடியில், சமையலறை மட்டும் பொது. சின்னவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே அதிசயம். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளில் ஒரு வரி எழுதி அனுப்பக்கூட, “அக்கா, நீங்களே எழுதிடுங்க” என்று வந்து நிற்பாள். பேனாக்காரிக்கு அவள்மேல் பிரியம் உண்டு. தனக்குக் கீழே இருக்கிறவர்கள்மேல் நமக்கெல்லாம் வருமே, அந்த மாதிரிப் பிரியம்.

சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் இடம் காலியானபோது, உள்ளே இருப்பவர்களே பரீட்சை எழுதலாம் என்று அறிவித்தார்கள். கணக்குத் தாள் ஒன்று, கட்டுரைத் தாள் ஒன்று. கட்டுரை என்றதும் எல்லோரும் பேனாக்காரியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சின்னவளும் மனுப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. வகுப்புக்குத் துணையாச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலங்களில் ஆஸ்பத்திரியின் பழைய மருந்துக் கிடங்கில் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் ஒல்லியானவர், குரல் உயராது, யாரையும் சட்டென்று பாராட்டாதவர். முதல் நாளே அவர் சொன்னது, கட்டுரை எழுதும் முன் குறிப்புச் சட்டகம் போட வேண்டும் என்பது. நான் சொல்ல வருவது இதுதான் என்று ஒரே வரி மேலே. அதற்குக் காரணங்கள் அதன் கீழே. ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் உதாரணம். எதிர்த்துப் பேசுகிறவன் என்ன சொல்வான், அவனுக்கு என்ன பதில் என்பது அடுத்து. எது முன்னால், எது பின்னால் என்று வரிசை பார்த்து மாற்றிக்கொண்ட பிறகுதான் முன்னுரையில் கை வைக்க வேண்டும். அதுவரை பேனாவுக்குப் பசி எடுத்தாலும் பட்டினி போடுங்கள் என்றார்.

பேனாக்காரிக்கு இது வேடிக்கையாக இருந்தது. எழுத வராதவர்களுக்கு ஊன்றுகோல் தருகிறார் என்று எண்ணிக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது சின்னவளிடம், எலும்புக்கூட்டைப் பார்த்து யாராவது மயங்குவார்களா, சதையும் ரத்தமும் வேண்டாமா என்று கேட்டாள்.

நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு தேவையா என்பதுதான் முதல் தலைப்பு. பேனாக்காரி அப்படியே பாய்ந்தாள். வாசலில் தூக்குச்சட்டியோடு காத்திருக்கும் மனைவி, கதவைத் திறக்காத காவலாளி, உள்ளே கண்ணை மூடாமல் கிடக்கும் கணவன் என்று அவள் எழுதிய பக்கங்களை அவளே மறுபடி படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் டீச்சரின் சிறிய கையெழுத்தில் இப்படி இருந்தது: “அழகாக இருக்கிறது. கட்டுப்பாடு வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?”

சின்னவளின் தாளை டீச்சர் வகுப்பில் எடுத்துக் காட்டினார். கட்டுரையைக்கூட அல்ல, அதற்கு முன்னால் அவள் போட்டிருந்த சட்டகத்தை. நேரக் கட்டுப்பாடு வேண்டும், குழந்தைகள் வார்டுக்கு மட்டும் வேண்டாம் என்பது மேல் வரி. நோயாளியின் தூக்கம், வார்டைக் கழுவுவது, படுக்கைத் துணி மாற்றுவது என்று கீழே காரணங்கள். வரிசையை ஒருமுறை அடித்து மாற்றியிருந்தாள். ஏன் என்று டீச்சர் கேட்டபோது, படிக்கிறவர் சட்டென்று ஒத்துக்கொள்ளும் காரணம் முதலில் வரட்டும் என்பதற்காக மாற்றினேன் என்று மெல்லச் சொன்னாள். அவளாக இத்தனை நீளம் பேசிப் பேனாக்காரி அதுவரை கேட்டதில்லை.

அன்று பேனாக்காரி முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டோர்காரர் குனிந்து, உங்க ஓரகத்திக்கு இவ்வளவு தலையா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிப் பையில் வைத்தாள்.

அதன் பிறகு சமையலறையில் சின்னவள் வெங்காயம் நறுக்கினால், ஒரே அளவாக நறுக்குகிறாளே என்று எரிச்சல் வந்தது. துணி மடித்தால், மடிப்பு ஏன் இத்தனை ஒழுங்காக விழுகிறது என்று எரிச்சல். கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தம்பி பெண்டாட்டி வகுப்பில் நல்ல பேர் வாங்குகிறாளாமே என்றார். தட்டில் விழுந்த கரண்டியின் சத்தத்தில் அவர் அடுத்த வாய் எடுக்க மறந்தார்.

“உங்களுக்கு யார் சொன்னா?”

“தம்பிதான். நீ எதுவும் சொல்லலையே.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு” என்றாள். குழம்பை அவருக்கு ஊற்றாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளும் ஒளிந்து ஒளிந்து சட்டகம் போட்டுப் பார்க்காமல் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, நான் சொல்ல வருவது என்று எழுதுவாள். அதற்கு மேல் நகராது. சொல்ல வருவது என்ன என்பது எழுதி முடித்தால்தானே தெரியும்? ஆயுள் முழுக்க அவள் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். இந்த ஊமைக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரிகிறது என்று நினைக்க நினைக்க மனசு பொருமியது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வருவாள்.

பரீட்சை நெருங்கிய ஒரு சாயங்காலம், வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் வாயிலிருந்து அது வந்தது. யோசித்து வைத்துச் சொன்னதில்லை. ஆனால் வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

“பரீட்சைத் தாள்ல சட்டகம் எதுவும் போட்டுடாதே. கட்டுரை தவிர ஒரு வரி இருந்தாலும் மார்க்கைக் குறைச்சிடுவாங்களாம்.”

சின்னவள் நின்றுவிட்டாள். “டீச்சர் அப்படிச் சொல்லலையேக்கா.”

“டீச்சர் வெளியாள். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க, என் காதுல விழுந்துச்சு.”

“அப்படியா” என்று மட்டும் சொல்லி நடந்தாள் சின்னவள். அந்த இரவு பேனாக்காரி நன்றாகத் தூங்கினாள். அதுதான் பிற்பாடு அவளுக்கே பொறுக்கவில்லை.

பரீட்சை நாள். வார்டில் ஒரு பொருள் தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்று தலைப்பு. பேனாக்காரிக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். எத்தனை மோதிரமும் பல்செட்டும் போர்வையோடு சுருண்டு சலவைக்கு வந்திருக்கின்றன! உடனே ஆரம்பித்துவிட்டாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசையில் சின்னவள் எழுதவே இல்லை. மேஜைமேல் கையை வைத்து, விரல்களை ஒன்றொன்றாக அழுத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேனாக்காரிக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. தொலைந்தாள் என்று முணுமுணுத்துக்கொண்டு மேலே எழுதினாள்.

மறுபடி நிமிர்ந்தபோது சின்னவள் எழுதிக்கொண்டிருந்தாள். அடித்தல் இல்லை, தலை தூக்கல் இல்லை, தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது கை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பேனாக்காரிக்குத் தன் இழை அறுந்துபோயிற்று. எங்கே விட்டோம் என்று பின்னால் புரட்டினாள். முதல் பக்கத்தில் வார்டுதான் பொறுப்பு என்று ஆணித்தரமாக எழுதியிருந்தாள். கடைசியாக எழுதிய பக்கத்தில், ஒரு கிழவரின் மோதிரக் கதையில் உருகிப் போய், சலவைப் பிரிவே பொறுப்பேற்க வேண்டும் என்று முடித்திருந்தாள். திருத்த நேரமில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

சின்னவள் மேற்பார்வையாளர் ஆனாள். பேனாக்காரி கணக்கில் தேறி, கட்டுரையில் விழுந்தாள். கட்டுரையில் பேனாக்காரி ஃபெயில் என்பது சலவைப் பிரிவு முழுக்க ஈரத்துணியைவிட வேகமாகப் பரவியது.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மாமியார் சின்னவளின் கன்னத்தைத் தடவி, எப்படியம்மா எழுதினாய் என்று கேட்டார். சின்னவள் திரும்பிப் பேனாக்காரியைப் பார்த்தாள்.

“அக்காவாலதான் அத்தை. தாள்ல சட்டகம் போடக்கூடாதுன்னு முன்னாடியே சொன்னாங்க. அதனால தைக்கும்போதெல்லாம் மனசுலயே போட்டுப் பழகினேன். அங்க போனா கடைசித் தாள்ல குறிப்பு எழுதிக்கலாம்னு சொல்றாங்க. அக்கா காதுல தப்பா விழுந்திருக்கும். ஆனா அதுவே நல்லதாப் போச்சு.”

மாமியார் பெரியவளைப் பெருமையாகப் பார்த்தார். கொழுந்தன், அண்ணி பெரிய மனசுக்காரி என்றான். பேனாக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். சந்தேகப்பட்டிருந்தால் சத்தியம் செய்திருக்கலாம். நம்பிவிட்டவளை என்ன செய்வது? நல்லவளாக இருப்பதிலும் இவள்தானா முந்திக்கொள்ள வேண்டும் என்று அந்த நிலையிலும் எரிந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உலர்த்தும் அறையில், நீராவிக்கு நடுவே, சின்னவள் தனியாக நிற்கும்போது சொன்னாள்.

“காதுல தப்பா எல்லாம் விழலை. ஆபீஸ்ல யாரும் எதுவும் பேசலை. நானாத்தான் சொன்னேன்.”

சின்னவள் கையிலிருந்த போர்வையின் மூலையைச் சேர்த்துப் பிடித்தாள். “ஏன்?”

“வயிறு எரிஞ்சுது.”

சின்னவள் போர்வையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

அன்றிலிருந்து அக்கா என்கிற வார்த்தை நின்றுபோனது. சமையலறையில் “உப்பு எடுங்க”, வேலையில் “ஆபரேஷன் தியேட்டர் துணி தனியா வைக்கணும்”. மரியாதையில் குறையில்லை, விளிப்பு மட்டும் இல்லை. வீட்டில் யாருக்கும் இது தெரியவில்லை. பேனாக்காரிக்கு மட்டும் ஒவ்வொரு வாக்கியமும் தலையில்லாமல் வந்து நின்றது. அவளுக்கு அது வலித்தது. வலித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பார், மேற்பார்வையாளர் ஆனதும் திமிர் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

மகப்பேறு கட்டடத்துக்குத் தனிச் சலவை வரப்போகிறது, அங்கேயும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று அடுத்த அறிவிப்பு வந்தபோது, அவள் மறுபடி மனுப் போட்டு, மறுபடி அதே கிடங்கில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை டீச்சரிடம் ஒளிக்காமல் கேட்டாள்: எழுதாமல் எனக்கு எதுவும் தோன்றாது, நான் என்ன செய்வது?

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் முதலில் கொட்டிவிடுங்கள், அது கட்டுரை இல்லை என்று தெரிந்தே கொட்டுங்கள் என்றார். கொட்டியதிலிருந்து நீங்கள் நிஜமாக நம்புகிற ஒரு வரியை எடுத்து மேலே வையுங்கள். அதற்கு உதவாததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அப்படி விடுவதுதான் உயிர் போகிற வேலையாக இருந்தது. வாசலில் காத்திருக்கும் மனைவி போனாள். கிழவரின் மோதிரம் போனது. ஒவ்வொன்றையும் அடிக்கும்போது, அவளுக்கு இந்தக் கஷ்டமே இருந்திருக்காது, அடிக்க அவளிடம் என்ன இருந்தது என்று ஓரகத்தியை ஒரு வார்த்தை வைதுகொண்டுதான் அடித்தாள். வைதாலும் சட்டகம் வந்தது. மெதுவாக, கோணல்மாணலாக, ஆனால் வந்தது.

அந்த நாட்களில் ஒன்றில், உருளை இஸ்திரியில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே மனசில் வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசுகிறவனை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற யோசனையில், சேலைத் தலைப்பு உருளையின் ஓரத்துக்குப் போனதைக் கவனிக்கவில்லை.

“அக்கா, தலைப்பு!”

சின்னவள் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உருளை நின்றது. இருவரும் தலைப்பை மெல்ல உருவி எடுத்தார்கள். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. சின்னவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கொடுங்க, தைச்சுத் தரேன் என்றாள். வாயில் வந்துவிட்ட அக்கா என்ற வார்த்தையை இரண்டு பேருமே பேச்சில் எடுக்கவில்லை. அன்று சமையலறையில் அது மறுபடி வந்தது, மறுநாள் வரவில்லை, பிறகு எப்போதாவது வந்தது.

பேனாக்காரி தேறினாள். மகப்பேறு கட்டடத்தின் புதுச் சலவைக்கு அவள்தான் மேற்பார்வையாளர். கணவர் ஊரைக் கூட்டிச் சொன்னார். மாமியார் அவள் கன்னத்தையும் தடவினார். நன்றி சொல்ல டீச்சரைத் தேடிக் கிடங்குக்குப் போனபோது, அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள் குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்கள். மாதிரிக் கட்டுரை என்றார் டீச்சர். பேனாக்காரி அடக்கமாகச் சிரித்து, என்னுடையதா என்று கேட்டாள்.

“இல்லை, உங்கள் ஓரகத்தியுடையது. பொறுப்பு யாருடையது என்று எழுதினாரே, அது.”

ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, வாசல் விளக்கடியில் நின்று முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நன்றாக இருந்தது. எந்தப் பத்தியையும் இடம் மாற்ற முடியாது. இன்னொரு முறை, இந்த முறை மெதுவாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ‘கவணம்’ என்று இருந்தது. இரண்டு சுழி வர வேண்டிய இடத்தில் மூன்று சுழி. பேனாக்காரி பேனாவை எடுத்து அந்த எழுத்தை மட்டும் வட்டமிட்டாள். வீடு வரும்வரை மனசு லேசாகவே இருந்தது.