லண்டன் மனேச்சர்

எங்கள் வீட்டில் இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். ஒருவர் ஸ்கொட்லாந்து எல்லையில் குடியிருந்தாலும் அவர் லண்டனில் இருக்கிறார் என்றே சொல்வார்கள். சித்திக்குப் பேசிய மாப்பிள்ளை லண்டனுக்கு வடக்கே, ரயிலில் நான்கு மணித்தியாலத் தொலைவில், ஒரு சின்ன ஊரில் இருந்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. புடவைக் கடை அன்ரி எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"மாப்பிள்ளை லண்டனிலை மனேச்சர்."

எங்கள் பிரெஞ்சு நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அன்ரிக்குக் கடை. அவர் பேசி முடித்த கலியாணத்துக்குக் கூறைப்புடவையை வேறு கடையில் எடுக்க யாருக்கும் மனம் வராது என்பதால், பேச்சுக்குத் தனியாகத் தரகு கேட்பதில்லை.

அம்மா என்ன மனேச்சர் என்று விசாரித்தார். கிளப் ஒன்றில் என்றார் அன்ரி. அப்பா நிமிர்ந்தார்.

"கிளப் எண்டால்? குடிச்சுக் கூத்தாடுற இடமே?"

"உமக்குக் கிளப் எண்டால் அதுதான் ஞாபகம் வரும். இது ஸ்போர்ட்ஸ் கிளப். வெள்ளையள் எல்லாம் இவருக்குக் கீழைதான்."

கடைசி வசனம் முழு உண்மை. மற்றதும் பொய்யில்லை.

மனேச்சர் என்ற சொல் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. அவர் லா சப்பலில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்தார். அங்கேயும் ஒரு மனேச்சர் இருந்தார். கழுத்துப்பட்டி கட்டுவார், கல்லாப்பெட்டியின் திறப்பை வைத்திருப்பார், அப்பாவுக்கு எந்த நாள் லீவு என்று சொல்வார். அவர் சமையலறைக்குள் வந்தால் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்துக்குள் வரப்போகிறார் என்பதை அப்பா இரண்டு கிழமையாக மென்றுகொண்டிருந்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. நகருக்கு வெளியே வில்லியே லே பெல்லில் எங்களோடு இருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே அறை. முப்பத்து மூன்று வயது. அதற்குமுன் நான்கு இடங்களில் பேசி நான்கும் சரிவரவில்லை. ஓர் இடத்திலிருந்து படம்கூடத் திரும்பி வரவில்லை. "இதுவும் தட்டுப்பட்டால் இனி நான் ஒருத்தரிட்டையும் போய் நிக்க மாட்டன்" என்று அம்மா சித்தியின் காதுபடவே சொன்னார். சித்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

பெண் பார்ப்பது அப்பாவின் உணவகத்தில் என்று முடிவாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே இரண்டரை மணித்தியாலம் கதவு சாத்தியிருக்கும். மாப்பிள்ளை ரயிலில் வந்து இறங்கும் கார் து நோர் நிலையம், நடக்கும் தூரம். அப்பா றோல்ஸ் பொரித்து, யன்னலோரத்து மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்.

அன்ரி முதலே வந்திருந்தார். மாப்பிள்ளை தனியாக வந்தார். தாய் தகப்பன் இல்லை. சனிக்கிழமை வேலை, அதனால்தான் ஞாயிறு, பின்னேர ரயிலிலேயே திரும்ப வேண்டும் என்றார். கறுப்பு சூட். உயரம், ஒல்லி. வாசற்படியில் ஏறும்போது இடது முழங்கால் மடியவில்லை. பத்து வயதில் ஊரைவிட்டு வந்தவரின் தமிழ் அந்தப் பத்து வயதிலேயே நின்றிருந்தது. எனக்கு எட்டு வயது. பெரியவர் ஒருவர் என்னைப்போலவே தமிழ் பேசுவதை அன்றுதான் கேட்டேன்.

அப்பா அவரை இருத்திவிட்டுத் தான் நின்றார். கடைசிவரை உட்காரவே இல்லை.

"உங்களுக்குக் கீழை எத்தினை பேர்?"

"பதினெட்டு. சனிக்கிழமையிலை பதினொண்டு."

"மிச்சப் பேர் லீவோ?"

"இல்லை, வாங்கிலை இருப்பினம்."

அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். வேலை நேரத்தில் வாங்கில் இருப்பவர்களை அவருக்கும் தெரியும்.

சித்தி இன்னும் வந்து சேரவில்லை. பொபினியில் வேலை முடிந்து நேராக வரவேண்டியவர், அரை மணித்தியாலம் பிந்தும் என்று தொலைபேசியில் சொன்னார். அந்த அரை மணித்தியாலத்தை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாமாவுக்குத் தெருவைக் காட்டிவிட்டு வா என்று அம்மா என்னை அவரோடு அனுப்பினார்.

நகைக்கடை, மரக்கறிக்கடை, பயண முகவர் நிலையம். நான் கைகாட்ட, அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். மேலே மெத்ரோ ஓடும் இரும்புப் பாலத்தைத் தாண்டினால் கம்பி வேலி போட்ட ஒரு சின்ன மைதானம் இருந்தது. என்னை விடக் கொஞ்சம் பெரிய பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேலிக்கு வெளியே நின்றார். ஒரு நிமிடம் என்று சொன்னவர் பத்து நிமிடம் நின்றார். தோற்றுக்கொண்டிருந்த பக்கத்தைப் பார்த்து ஏதோ இங்கிலிஷில் கத்தினார். அவர்களுக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சின்னவனை நடுவுக்கை விட வேண்டாம் எண்டு சொல்லு. அவனுக்கு ஓட்டம் இருக்கு, கரையிலை விடச் சொல்லு."

நான் பிரெஞ்சில் சொன்னேன். ஆர் இந்த ஆள் என்று அவர்கள் கேட்டார்கள். என் ஓங்கிள் என்றேன். பிறகு நான் வாய் மூடவே இல்லை. அவர் தமிழில் சொல்ல நான் பிரெஞ்சில் கத்தினேன். உயர்ந்தவனைப் பின்னுக்கு எடு, கோல் காக்கிறவனை இரண்டு அடி முன்னுக்கு வரச் சொல்லு, பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார். சூட்டின் மேற்சட்டை என் கையில் இருந்தது. ஒருமுறை வேலிக்குள் போய், ஒரு பையனைத் தோளில் பிடித்து இரண்டு எட்டு நகர்த்தி நிறுத்திவிட்டு வந்தார். முழங்கால் அப்போதும் மடியவில்லை. தோற்றுக்கொண்டிருந்த பக்கம் மூன்று கோல் போட்டது. அந்தச் சின்னவன் ஓடி வந்து வேலிக்குள்ளால் அவருக்கு விரல் நீட்டிக் கைகொடுத்தான். "உன்ரை ஓங்கிள் உண்மையான ஒந்த்ரெனேரா?" என்று என்னிடம் கேட்டான். தொலைக்காட்சியில் கோட்டுக்கு வெளியே நின்று அணியை நடத்துபவர்களுக்குப் பெயர் ஒந்த்ரெனேர். நான் அவரிடம் கேட்டேன்.

"ஓம், அதுதானே என்ரை வேலை" என்றார்.

திரும்பி நடக்கும்போது கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பதினெட்டு வயதில் பெரிய கிளப் ஒன்று அவரை எடுத்ததாம். ஒரு ஆட்டம்கூட விளையாட விடாமல் விட்டுவிட்டதாம். பிறகு ஆறு கிளப், ஒவ்வொன்றும் முந்தினதை விடச் சின்னது. இடது பின்வரிசை. முழங்காலில் இரண்டு தரம் சத்திரசிகிச்சை. ஏழாவது கிளப்பில் மனேச்சரைப் பாதியில் வேலையால் நிறுத்தினார்கள். உடுப்பு மாற்றும் அறையில் இருந்தவர்களில் வயது கூடினவர் இவர் என்பதால், மூன்று கிழமைக்குப் பார் என்றார்கள். மூன்று வருடமாகப் பார்க்கிறாராம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனேச்சர் என்றால் அப்பாவை ஏசுகிற ஆள். ஒந்த்ரெனேர் எவ்வளவு பெரியவர்! உணவகத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். சித்தி வந்து சேலை மாற்றி, தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, மாமா மனேச்சர் இல்லை! பந்தடிக்கப் பழக்கிற ஒந்த்ரெனேர்!"

அம்மா முதலில் சிரித்தார். பிறகு அன்ரியைப் பார்த்தார். அன்ரி றோல்ஸைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்தவர், மேற்சட்டையைத் தோளில் போட்டபடி, வியர்வையோடு வாசலில் நின்றார்.

"தம்பி, நீங்கள் மனேச்சர்தானே?" என்றார் அப்பா.

"ஓம். அங்கை அதுக்குப் பேர் மனேச்சர்."

"அந்தக் கிளப் முழுக்க இவற்ரை பொறுப்புத்தானே. ஒபிஸ், ஆக்கள், எல்லாம்" என்று அன்ரி அவசரமாக ஒரு வழி திறந்துவிட்டார்.

"ஒபிஸ் இல்லை அன்ரி. ஒரு இரும்புக் கொன்டெய்னர் இருக்கு. அதுக்குள்ளைதான் சட்டையள் வைக்கிறது" என்றார் அவர். அப்பாவிடம் திரும்பினார். "அந்தக் காசு சீவியத்துக்குக் காணாது அண்ணை. விடிய கடையளுக்குப் பாண் போடுற வான் ஓடுறன். உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

அப்பாவின் முகம் மாறியது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் அன்ரியிடம் பேசினார்.

"பொய் சொல்லியோ அக்கா கலியாணம் பேசுறது? எங்களைப் பாத்தால் எப்பிடித் தெரியுது உங்களுக்கு? இனி என்ன கதை இருக்கு?"

சித்தி தட்டை மேசையில் வைத்தார்.

"அத்தான், நாங்கள் என்ன சொன்னனாங்கள்?"

"நீ பேசாமல் இரு" என்றார் அம்மா.

"என்னை நேர்ஸ் எண்டுதானே சொல்லியிருக்கு?" சித்தி மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். "நான் நேர்ஸ் இல்லை. வயசுபோன ஆக்களின்ரை இல்லத்திலை வேலை. குளிக்க வாக்கிறது, சாப்பாடு தீத்துறது, கட்டில் விரிக்கிறது."

அம்மா நிலத்தைப் பார்த்தார். சித்தியின் வேலை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வெளியே அதற்கு வேறு பெயர் இருந்தது எனக்குத்தான் தெரியாது.

மாப்பிள்ளை ஒரு எட்டு உள்ளே வந்தார்.

"எத்தினை பேரைப் பாக்கிறனீங்கள்?"

"பதினாலு."

"என்னட்டைப் பதினெட்டு. ஆனால் அவங்கள் தாங்களாக் குளிப்பாங்கள்."

சித்தி சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடியும் நிற்கவில்லை. அவரும் சிரித்தார். அப்பா சமையலறைக்குள் போனார். அங்கே புகைபோக்கிக் காற்றாடி சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. யாரும் மாப்பிள்ளையிடம் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு அவர் ரயிலுக்குப் போனார்.

அடுத்து வந்த வசந்தத்தில் அவருடைய அணி கடைசி இடத்துக்கு வந்தது. கிளப் அவரை நிறுத்தியது. அதற்குள் அவர் எங்கள் சித்தப்பா ஆகியிருந்தார். பிறகு வேறு மூன்று கிளப்புகள். மூன்றிலும் அதே கொன்டெய்னர், பார்க்க வருபவர்கள் மழையில் நிற்கும் அதே கூரையில்லாத பக்கம், தோற்ற சனிக்கிழமைகளில் அதே ஏச்சு. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் கோட்டோரத்தில் கடதாசிக் குவளைத் தேநீரோடு நின்றிருக்கிறேன். ஈரப்புல்லும் பொரித்த வெங்காயமும் கலந்த அந்த மணம் எங்கே வந்தாலும் இன்றும் நடையை நிறுத்திவிடுவேன். அப்பாவும் ஒருமுறை வந்தார். சித்தப்பா நடுவரை ஏசுவதைக் கண்டபோதுதான் அவர் மனேச்சர் என்பது அப்பாவுக்கு முழுதாக உறுதியானது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. அப்பா இரவு வேலைக்காக உணவகத்திலேயே நின்றுவிட்டார். அம்மாவும் சித்தியும் நானும் ஆர்.ஈ.ஆர் ரயில் பிடித்தோம். அம்மா எதிர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பொய் பிடிபட்டால் அதோடு கதை முடிந்தது. இங்கே இரண்டு பேருடையதும் பிடிபட்டிருந்தது, பிடித்துக் கொடுத்தவள் நான். எனக்கு அழுகை வந்தது. சித்தியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

சித்தி என்னைத் தன் பக்கம் இழுத்து இருத்தினார். அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அந்தச் சின்னவனை எங்கை விடச் சொன்னவர்?" என்று கேட்டார்.

கரையில் என்றேன். ஏன் கரையில்? ஓட்டம் இருந்ததாலே. பிறகு? பிறகு என்ன சொன்னவர்? சேர்ட் கை மடிச்சிருந்தவரோ? கத்தேக்கை கோபமாக் கத்தினவரோ, இல்லாட்டில் சும்மாவோ? எங்கள் நிலையம் வரும்வரை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தரம் சொல்ல வைத்தார். சித்திக்குப் பந்து விளையாட்டில் இவ்வளவு ஆசை இருந்தும் இத்தனை நாள் என்னோடு ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.