டேப் சுற்றிய பால்புட்டி

வீட்டுச் சாமான் கட்டி ஏற்றி இறக்குவதில் அந்த மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினைந்து வருஷத் தொழில். கண்ணாடி அலமாரியோ பீங்கான் தட்டோ, அவர் கட்டிவிட்டால் லாரி எத்தனை பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் ஒரு கீறல் இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் மனுஷன் வாயை விட்டார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும், புது மெஷின் பழகுவதற்கு ஒரு வாரம் வெளியூருக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது, வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். இவர் விடவில்லை. தன் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பகலில் தானே பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சரி, நீ முதலில் அந்த ஊரில் இருக்கிற உன் அக்கா வீட்டுக்குப் போய் இரு, மறுநாள் நான் அவனைப் பஸ்ஸில் கொண்டு வந்து அந்த வாரம் கூடவே தங்குகிறேன், ஒழுங்காக வந்து சேர்ந்தால் நீ வேலைக்குப் போ என்று பேச்சாயிற்று.

"பீரோவையே மூணு மாடி ஏத்தினவன் நான். இந்த ஆறு கிலோவைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டேனா?"

"பீரோ அழாதுங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை பையைக் கட்டினார். கட்டினார் என்றால் சும்மா இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோடு பால்புட்டிக்குக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் இரண்டு சுற்று, அதன்மேல் டேப் நான்கு சுற்று. மேலே 'உடையும் பொருள்' என்று எழுத்து, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அம்புக்குறி வேறு. பால்பொடி டப்பாவுக்கும் அதே மரியாதை. டேப் வெட்டும் கத்தியை மட்டும் வீட்டிலேயே வைத்தார். பச்சைப் பிள்ளை பையில் யாராவது கத்தி வைப்பார்களா?

பஸ் கிளம்பி ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குப் பசி வந்தது. பொட்டலத்தை எடுத்துச் சுரண்டினார். டேப்பின் முனையே தட்டுப்படவில்லை. இந்தக் கட்டைப் பிரிக்க நானே வந்தால்தான் உண்டு என்று வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார். இதோ அவரேதான் வந்திருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை ஊரைக் கூட்டினான். பக்கத்து சீட்டு வாத்தியார் வீட்டுச் சாவியால் குத்திப் பார்த்தார். பின்சீட்டு அம்மா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். கடைசியில் கண்டக்டர் வாங்கிப் பல்லால் கடித்து இழுத்தார், புட்டி வெளியே வந்தது. எல்லோரும் அப்பாடா என்று சாய்ந்தார்கள். உள்ளே வெறும் தண்ணீர். இனிமேல்தான் பால்பொடி டப்பாவைப் பிரிக்க வேண்டும் என்று இவர் சொன்னபோது கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வாயால் சொல்ல முடியாது.

ஆக மொத்தம் நாற்பது நிமிஷம் பிள்ளை பசியில் கத்தினான். பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத் தூங்கினான். இவர்தான் இறங்கும்வரை கண்ணை மூடவில்லை.

பஸ் நிலையத்தில் அவள் காத்திருந்தாள். பிள்ளையை வாங்கி உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பார். மனசு கேட்கவில்லை, ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். தன்னை நம்பிப் பிள்ளையை விடலாமா என்று இனி அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்.

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"போன மாசம் ஒருநாள் ஒரு மணி நேரம் கத்தினான். என்ன பண்ணியும் நிக்கல. தொட்டில்ல போட்டுட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நானும் உக்காந்து அழுதேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா அவனை என்கிட்ட விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போயிருப்பீங்களா?"

அவள் பிள்ளையைத் திரும்ப அவர் தோளிலேயே சாய்த்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அவன் ஆறுக்கே முழிச்சிப்பான்."