அடைக்கலராஜ் திருப்பிப் பார்க்காத ரூபாய்

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அடைக்கலராஜ் கேட்ட முதல் கேள்வி: "சுவத்துக்கு எப்ப பெயிண்ட் அடிச்சே?"

காட்டூர் வீட்டுக் கூடத்தின் சுவர் ஆறு வருடமாக அதே வெளிர் நீலம்தான். அவர் அதை இத்தனை நாளும் பழுப்பு வெள்ளை என்று நினைத்திருந்தார்.

"நல்லவேளை, சுவத்தைப் பார்த்தீங்க," என்றார் மனைவி பாக்கியமேரி. "என் மூஞ்சியைப் பார்த்திருந்தா பயந்திருப்பீங்க."

"உன் மூஞ்சி அப்படியேதான் இருக்கு."

"பொய் சொல்றதுக்குக் கண்ணு தெளிவா இருக்கணும்னு இல்லை போல."

அடைக்கலராஜ் சிரித்தார். ஆனால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. கண்புரை பத்து வருடமாகவே வளர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உலகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறியதால் அவருக்குத் தெரியவில்லை. சுவரின் நிறம் தப்பாகத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தப் பத்து வருடத்தில் அவர் கண்ணைத்தான் திருச்சியில் பலர் நம்பியிருந்தார்கள்.

அவருக்கு எழுபத்தோரு வயது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருடம் பிரஸ் மெஷினில் வேலை. அதைவிட, பழைய நாணயம் சேர்ப்பவர்கள் நடுவில் அவர் பெயர் பெரிது. மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை ஹாலில் நாணயச் சங்கம் கூடும். ஓரத்தில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு நாற்காலி. நாற்காலி அவருடையது. யார் எந்தக் காசைக் கொண்டுவந்தாலும் அதைப் பார்த்து கிரேடு சொல்வார். கிரேடு என்றால் அந்தக் காசு எவ்வளவு புழங்கி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கான அளவு. அவர் 'ஃபைன்' என்றால் நன்றாகத் தேய்ந்த காசு. 'எக்ஸ்ட்ரா ஃபைன்' என்றால் கை அதிகம் படாத காசு. அப்பீல் கிடையாது.

அவருக்கு அந்த மதிப்பு வந்தது ஒரே ஒரு காரணத்தால். சில காசுகள் தேயாமலே தேய்ந்ததுபோல் இருக்கும். அச்சு ஓங்கி விழாமல் லேசாக விழுந்திருந்தால் உருவம் முழுதாக எழும்பாது. தலைமுடி சப்பையாக இருக்கும், எழுத்து மங்கலாக இருக்கும். பார்ப்பவர்கள் தேய்மானம் என்பார்கள். அடைக்கலராஜ் ஏமாற மாட்டார். பிரஸ்ஸில், தொழிலாளர்கள் வாயிலில் காட்டும் பித்தளை டோக்கனுக்கு நம்பர் அடித்தவர் அவர். அடி குறைந்தால் எட்டு மூன்றாகத் தெரியும். அன்று காலைதான் அடித்த புத்தம் புதிய டோக்கனை வாயில்காப்பாளர் 'பழசு' என்று திருப்பி அனுப்பிய கதையை அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்.

அவர் செய்யும் சோதனை எளிது. சப்பையாக இருக்கும் இடத்தைப் பார்த்தவுடன் காசைத் திருப்புவார். அடி குறைந்த காசென்றால் அதே இடத்துக்கு நேர் பின்னாலும் சப்பையாக இருக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே அடியில் பிறந்தவை. பிறகு விளக்கடியில் சாய்த்துச் சுழற்றுவார். தேய்ந்த இடம் வழவழவென்று இருக்கும், மினுமினுப்பு செத்திருக்கும். அடி விழாத இடத்தில் தகட்டின் சொரசொரப்பும் பிறந்த நாளின் மினுமினுப்பும் அப்படியே இருக்கும்.

மறுநாள் காலை ஆல்பத்தை எடுத்தார்.

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"குனியலை. காசைத்தான் மேலே தூக்கறேன்."

மூன்றாவது பக்கத்தில் இருந்தது 1840-ஆம் வருடத்துக் கம்பெனி வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் மலர்வளையத்துக்குள் 'ஒரு ரூபாய்' என்று ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எழுத்து. அவருக்கு மிகவும் பிடித்த காசு. ஏழு வருடமாக அது அவருக்கு ஒரு சாம்பல் நிற வட்டம். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஒளி சக்கரம்போல் ஒரு சுற்று ஓடியது. ராணியின் காதுக்கு மேலே, முடி சப்பையாக இருந்த இடத்திலும் நிற்காமல் ஓடியது.

திருப்பினார். நேர் பின்னால், வளையத்தின் நடுவில், எழுத்துகள் பாதிதான் எழும்பியிருந்தன. ஓரத்தில் சுற்றிலும் இருந்த பற்கள் ஒவ்வொன்றும் கூர்மை.

தேய்ந்த காசே இல்லை.

ஆனால் 2018-இல் அதை 'ஃபைன்' என்று சொன்னவர் அவர். சொன்னது ஹாலித்திடம். சொன்ன கையோடு இரண்டு நாயக்கர் காலச் செப்புக் காசுகளைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டவரும் அவரே.

ஹாலித் யார்? பாலக்கரையில் கைலிக் கடை வைத்திருந்தவர். 1983-இல் பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பித்தளை விற்பவன் கொட்டிவைத்திருந்த குவியலில் ஒரே காசின் மேல் இரண்டு கைகள் விழுந்தன. ஒன்று அடைக்கலராஜுடையது, ஒன்று ஹாலித்துடையது. "நீங்க எடுங்க" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்றாவது ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருவரும் டீ குடித்தார்கள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் ஒரு ஞாயிறு தப்பியதில்லை.

அது வேறு காலம். காய்கறிக் கூடைக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவில் சோழன் காசு கிடைக்கும். முசிறியில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் பிஸ்கட் டப்பாவில் செல்லாக்காசு போட்டு வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக இரண்டு பேரும் காலை பஸ் பிடிப்பார்கள். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாழை. டப்பாவில் பாதி பட்டன் இருக்கும். திரும்பும்போது ஒரு தார் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, கிடைத்த ஒரே காசைக் கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஹாலித் வாங்குவார், அடைக்கலராஜ் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் ஹாலித் பையிலிருந்து பணம் எடுப்பார். பாரசீக எழுத்திருந்தால் மட்டும் வேலை மாறும். ஹாலித் படிப்பார், அடைக்கலராஜ் கேட்பார்.

அந்த ரூபாயை மாற்றிக்கொண்ட அடுத்த மாதம் ஹாலித் சந்தைக்கு வருவதை நிறுத்தினார். முட்டி வலி என்றார். சங்கத்துக்கும் வரவில்லை. பெருநாளுக்கு பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு கேக் போகும், போனில் பேச்சு இருக்கும். ஞாயிறு மட்டும் போய்விட்டது. அடைக்கலராஜ் முட்டி வலியை நம்பியிருந்தார்.

"கண்ணு தெரியாமச் சொல்லிட்டேன்னு போய்ச் சொல்லுங்க," என்றார் பாக்கியமேரி. "அவர் என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

அடைக்கலராஜ் ஆல்பத்தை மூடினார். அவரைக் குடைந்தது வேறு. மினுமினுப்பு தெரியாததற்குக் கண்புரை காரணம், சரி. ஆனால் காசைத் திருப்பிப் பார்க்கக் கண்புரையா தடுத்தது? வாழ்நாளில் கையில் வந்த ஒவ்வொரு சப்பைக் காசையும் திருப்பியவர், அன்று திருப்பவில்லை. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆனாலும் தன் கண்ணை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். உத்தர வீதியில் வைஷ்ணவி வீடு. வங்கி அதிகாரி, சங்கத்தின் செயலாளர், அடைக்கலராஜ் இல்லாத நாளில் மேசையில் உட்காருபவர்.

"வாங்கோ சார், உட்காருங்கோ. கண் எப்படி இருக்கு?"

"அதைத்தான் பார்க்க வந்தேன். இதுக்கு ஒரு கிரேடு சொல்லுங்க."

"யாரோடது?"

"அதை அப்புறம் சொல்றேன்."

வைஷ்ணவி லென்ஸை எடுத்தார். முகப்பைப் பார்த்தார். இரண்டு நொடிதான். உடனே காசைத் திருப்பினார்.

"தேயவே இல்லையே சார். அடி குறைச்சல். முடி சப்பை, நேர் பின்னாடி எழுத்தும் சப்பை. ஓரத்துப் பல்லெல்லாம் பாருங்கோ, குத்தறது. எக்ஸ்ட்ரா ஃபைன் தாராளமா சொல்லலாம், அதுக்கு மேலயும் போகலாம்." பிறகு சந்தேகமாகப் பார்த்தார். "எனக்கு டெஸ்ட் வைக்கறேளா? இது உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"தெரிஞ்சிருக்கணும்," என்றார் அடைக்கலராஜ்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். காவிரிப் பாலத்தில் தண்ணீர் பார்க்க எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தபோது அவர் மட்டும் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹாலித் திட்டினால் பரவாயில்லை. ஏமாற்றினாய் என்று சொல்லிவிட்டால், முப்பத்தைந்து வருடத்து ஞாயிறுகளையும் அந்த ஒரு வார்த்தை பின்னோக்கிப் போய்த் தின்றுவிடும். பாலக்கரையில் இறங்கினார்.

ஹாலித் முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வா ராஜு, வா. கண்ணாடி எங்கே?"

"கழட்டியாச்சு, பாய்."

"அப்ப இனிமே தெருவுல என்னைப் பார்த்துட்டு, தெரியலைன்னு சொல்ல முடியாது."

அடைக்கலராஜ் ரூபாயை ஸ்டூலின் மேல் வைத்தார். தேயாத காசு, தப்பாகச் சொல்லிவிட்டேன், வைஷ்ணவியும் பார்த்தாயிற்று என்று ஒரே மூச்சில் சொன்னார்.

ஹாலித் காசைத் தொடவில்லை. "கண்புரைதானே? போவட்டும், விடு."

"கண்புரை பாதிதான், பாய். அன்னிக்கு நான் இதைத் திருப்பிப் பார்க்கலை. அதுக்குக் கண்ணே வேணாம், விரலால தடவினாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"ஏன் பார்க்கலை?"

"ரொம்பப் புடிச்சிருந்துச்சு. திருப்பினா நல்ல காசுன்னு தெரிஞ்சிடும், நீங்க தர மாட்டீங்கன்னு நினைச்சேனோ என்னவோ. நினைக்கலைன்னு சத்தியம் பண்ண முடியலை. ஒரு வாரமா பண்ணிப் பார்த்துட்டேன்."

டீ கொண்டுவந்த ஹாலித்தின் மனைவி சாரா பீவி வாசலிலேயே நின்றார். "என்னண்ணே, ரெண்டு பேரும் மௌத்து விழுந்த வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க?" டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"நீ திருப்பலைங்கறதை நான் அன்னிக்கே பார்த்தேன்," என்றார் ஹாலித்.

அடைக்கலராஜ் நிமிர்ந்தார்.

"நீ எப்படிக் காசு பார்ப்பேன்னு முப்பத்தஞ்சு வருசமா பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பாய் கொடுத்தீங்க?"

"வேற என்ன பண்றது? 'ராஜு, கொஞ்சம் திருப்பிப் பாரு'ன்னு சொல்லணும். உன்னைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. கொடுத்துட்டேன். அப்புறம் சந்தைக்கு வரக் கால் வரலை."

"முட்டி வலின்னீங்களே?"

"முட்டியும் வலிச்சுது."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஹாலித் ரூபாயை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். வந்தபோது ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது, இரண்டு செப்புக் காசுகள்.

"இந்தா, உன்னோடது. நான் எதையும் சும்மா வாங்க மாட்டேன்."

அடைக்கலராஜ் வாங்கிக்கொண்டார். கேட்க வந்ததைக் கடைசியில் கேட்டார். "ஞாயித்துக்கிழமை வர்றீங்களா, பாய்?"

ஹாலித் டீயைக் குடித்து முடித்தார்.

"வர்றேன், இன்ஷா அல்லா. சங்கத்துக்கும் வர்றேன். ஆனா ஒண்ணு. இனிமே என் காசு எதையும் நீ பார்க்கக் கூடாது. ஸ்ரீரங்கத்தம்மா பார்க்கட்டும். நீ கூட நில்லு, பேரம் பேசு, டீ வாங்கிக் கொடு. காசை மட்டும் பார்க்காதே."

திட்டுக்கும் மன்னிப்புக்கும் அடைக்கலராஜ் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். இது இரண்டும் இல்லை. பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டார்.

"சரி, பாய்."

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை, விளக்கைப் போடுவதற்கு முன்னால் அடைக்கலராஜ் சங்கத்தில் எல்லாரிடமும் சொன்னார். பத்து வருடமாகத் தான் பார்த்த காசை எல்லாம் மறுபடி கொண்டுவரலாம், தன்னிடம் காட்ட விருப்பமில்லாதவர்கள் வைஷ்ணவியிடம் காட்டலாம். அவரது நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. வரிசை இரண்டாகப் பிரிந்தது. அவர் பக்கத்தில் ஆள் கொஞ்சம் குறைவுதான்.

ஹாலித் கைத்தடியோடு வந்து வைஷ்ணவியின் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஒரு வெள்ளிக் காசை நீட்டினார். ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்த அடைக்கலராஜ் முகத்தை நேராக மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்னத்தைப் பார்க்கறே, ராஜு?"

"ஃபேனை."

"ஃபேனுக்கு என்ன கிரேடு?"

"தேய்மானம், பாய். சந்தேகமே இல்லை."