சூரியன் மலைக்குள் இறங்கியபோது

சர்ச்சில் ஞாயிறு வகுப்புக்கு யோசுவா "சூரியனே, நில்" என்று சொல்லிச் சூரியனை நிறுத்திய பைபிள் கதையை நான்தான் நடத்தினேன். "பூமிதானேம்மா சுத்துது?" என்று என் மகளே எழுந்து கேட்டாள். பிள்ளைகள் சிரித்ததும் பயந்துபோய் அவளை வெளியே நிற்க வைத்துவிட்டேன். அதன்பிறகு அவள் சர்ச்சுக்கே வரவில்லை.

நேற்று கூடலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, "சூரியன் மலைக்குள்ள இறங்கிருச்சு, பஸ்ஸக் காணோமே" என்றாள்.

விடாமல் பிடித்துக்கொண்டேன். "இறங்குச்சா? பூமிதானேடி சுத்துது? யோசுவாவும் ஒன்னைய மாதிரி கண்ணுல பட்டதைத்தான் சொன்னாரு. பைபிள் வானசாஸ்திரப் பாடம் இல்ல."

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான? எதுக்கும்மா வெளிய நிக்க வச்ச?"

"பயந்துட்டேன். நீ சாமிய விட்டுருவியோன்னு."

"அதை அந்தப் பிள்ளைக முன்னாடி சொல்லு. வாரேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சொல்ல வேண்டியதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.