செலினின் மோவாய்

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகும் செலினுக்கு, இரண்டாவது மகள் பிறந்த பிறகு மோவாயில் முடி முளைக்கத் தொடங்கியது. முதலில் நாலைந்துதான். நூலை வைத்துப் பிடுங்கினாள். பிறகு தாடை ஓரமெல்லாம் கறுகறுவென்று வந்தது. கம்பத்தில் பார்த்த டாக்டரம்மா, "ஹார்மோன் கோளாறும்மா, நெறையப் பேருக்கு இருக்கு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வயிற்றைப் புரட்டியது. விட்டுவிட்டாள்.

கணவன் ஆரோக்கிய பிரபு, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். விடியுமுன் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிவிடுவான். அவன் போனதும் செலின் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அவனுடைய ரேசரை எடுப்பாள். சோப்பைத் தேய்த்து, பிள்ளைகள் எழுவதற்குள் அவசர அவசரமாகக் கீழிருந்து மேலாக இழுப்பாள். தோல் எரியும், பொரிப்பொரியாகத் தடித்துவிடும். யாராவது கேட்டால், "கொடிக்கு அடிச்ச மருந்து ஒத்துக்கல" என்பாள். பிரபுவின் கை முகத்தருகே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குக் கூச்சம் அதிகம் என்றே அவன் நினைத்திருந்தான்.

சென்ற மார்கழியில் சுருளிப்பட்டி சாலையில் ஸ்கூட்டி சறுக்கி, அவளுடைய வலது கை முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். முடியோ வளர்ந்துகொண்டே இருந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, பல்வலி என்றாள். கூட வேலை செய்யும் சொர்ணலதா, "வீங்கியிருக்கா, காட்டு" என்று தலைப்பை விலக்கக் கை நீட்டினாள். செலின் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சொர்ணலதா முகம் சுண்டிப்போய்க் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் செலின் குளியலறையில் இடது கையால் மழித்துப் பார்த்தாள். பிளேடு வழுக்கி மோவாயைக் கீறியது. அந்த நேரம் பார்த்து பிரபு கதவைத் தட்டினான்.

"செலின், இம்புட்டு நேரமா உள்ள என்ன செய்யிற? கையில அடிகிடி பட்டுருச்சா?"

திறந்தாள். முகத்தில் பாதி நுரை, பாதி ரத்தம், கையில் ரேசர். பார்த்ததும் அவன் சிரித்துவிட்டான்.

"என்னடி இது, ஆம்பள மாதிரி!"

செலின் அழவில்லை. ரேசரைக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிள்ளைகள் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. செத்துப்போனால் குளிப்பாட்டுகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்றுகூட அப்போது யோசித்ததாகப் பின்னாளில் அவனிடம் சொன்னாள்.

மறுநாள் பிரபு ஜீப்பை வேறொரு டிரைவரிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் வெந்நீர் வைத்தான்.

"வந்து உக்காரு. நான் பண்ணிவிடுறேன்."

"வேணாங்க. நீங்க பாக்காதீக."

"பாக்காம எப்படிப் பண்றது? நேத்து சிரிச்சது தப்புத்தான். எனக்கே அசிங்கமா இருக்கு."

வெந்நீரில் நனைத்த துண்டைத் தாடையில் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்தான். ஷேவிங் கிரீமை விரலால் தேய்த்து ஊறவிட்டான். புது பிளேடு போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, முடி சாயும் பக்கமாகவே அழுத்தாமல் சின்னச் சின்னதாக இழுத்தான். அடிக்கடி பிளேடைத் தண்ணீரில் அலசினான். கீறலைத் தொடாமல் விட்டான்.

"மேல் பக்கமா இழுத்தியாக்கும்? அதான் இப்பிடித் தடிச்சிருக்கு. சோப்பு வேற தோலக் காய வச்சுரும்."

செலின் கண்களை இறுக மூடியிருந்தாள். கண்ணீர் நுரைக்குள் இறங்கியது.

"உங்க அக்காகிட்ட சொல்லீராதீக."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பச்சைத் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்தான். கட்டுப் பிரிக்கும்வரை அவன்தான் மழித்துவிட்டான். ஒருமுறைகூட அவள் கண்ணைத் திறக்கவில்லை.

இப்போது அவளே நிதானமாகச் செய்துகொள்கிறாள். தோல் தடிப்பதில்லை. சொர்ணலதாவிடம் போய், "அன்னைக்குக் கையத் தட்டிவிட்டத மனசுல வச்சுக்காதக்கா" என்றாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. பிரபு அவளுக்கென்று தனி ரேசர் வாங்கித் தந்திருக்கிறான். அவனுடைய அக்கா ரீட்டா சின்னமனூரிலிருந்து வரும் நாட்களில் அதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள்.